தீவை இடம் மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஐல் ஆஃப் மேன் டி.டி. (டூரிஸ்ட் ட்ராஃபி) பைக் பந்தயத்தைப் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் பிரமாதம். ஆனால் முதல் வரியே ‘இங்கிலாந்திலுள்ள ஒரு குட்டித் தீவில்’ என்று ஆரம்பித்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தத் தீவு இங்கிலாந்தில் இல்லை. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுக்கடலில் இருக்கிறது. டைன்வால்ட் என்று சொந்த நாடாளுமன்றம் உண்டு. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா? இங்கிலாந்தில் இல்லை என்பதால்தான் பந்தயமே அங்கே போனது. பிரிட்டனில் அப்போதிருந்த 1903 சட்டப்படி மணிக்கு 20 மைலைத் தாண்டக் கூடாது, பொதுச் சாலையை அடைத்துப் பந்தயம் விடவும் முடியாது. தீவுக்காரர்கள் 1904-இல் தனிச் சட்டம் போட்டுச் சாலையை அடைத்துக் கொடுத்தார்கள். முதலில் கார்கள் ஓடின. பைக்குகளின் முறை வந்தது 1907 மே 28 அன்று. மேட்ச்லெஸ் வண்டியில் சார்லி காலியர் ஜெயித்தார், சராசரி வேகம் மணிக்கு 38 மைல் சொச்சம். இன்று நம்ம ஊர் டவுன் பஸ்ஸே அதைத் தாண்டிப் போகும்.

அதே கட்டுரையில் ‘1911-இல் முதல் மூன்று இடங்களையும் இந்தியர்கள் பிடித்தனர்’ என்று வேறு. ஐயா, இந்தியன் என்பது அமெரிக்க மோட்டார் சைக்கிள் கம்பெனியின் பெயர். ஓட்டிய மூன்று பேரும் வெள்ளைக்காரர்கள்.

இது முதல் தடவை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். சில வருடங்களுக்கு முன்னால் சீனியர் டி.டி.யை ‘முதியோர் பந்தயம்’ ஆக்கினீர்கள். “தாத்தா, நீங்களும் பேர் குடுங்களேன்” என்றான் என் பேரன். அந்தக் காலக் கணக்கில் சீனியர் என்றால் 500 சிசி, ஜூனியர் என்றால் 350 சிசி. வண்டிக்குத்தான் அந்தப் பெயர், ஓட்டுகிறவரின் வயதுக்கு அல்ல. அப்போதும் கடிதம் எழுதினேன். ‘இதழின் அச்சு அருமை’ என்ற என் முதல் வரியை மட்டும் போட்டுக்கொண்டீர்கள்.

முப்பது வருடம் பைக் மெக்கானிக்காக இருந்தவன் நான். 2007-இல் நூற்றாண்டுப் பந்தயத்தை நேரிலேயே பார்த்தேன். லிவர்பூலில் இருந்த மகன் கப்பலில் கூட்டிப்போனான். டக்ளஸ் ஊரில் பிரே ஹில் என்ற இறக்கம். நம் தெரு மாதிரிதான், இரண்டு பக்கமும் வீடு, விளக்குக் கம்பம். ஓர் அம்மா வீட்டு வாசலில் எங்களுக்கும் நாற்காலி போட்டுக் கொடுத்தார். சத்தம் கேட்டுத் தலையைத் திருப்புவதற்குள் வண்டி போய்விடும், மடியிலிருந்த டீக் கோப்பைதான் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும். அன்றுதான் ஜான் மெக்கின்னஸ் முதன்முதலாக மணிக்கு 130 மைல் சராசரியில் ஒரு சுற்று வந்தார். அதே பந்தயத்தில் மலைச்சாலையில் ஒரு வீரரும் வேடிக்கை பார்த்த இரண்டு பேரும் இறந்துபோனார்கள். திரும்பும்போது கப்பலில் நானும் மகனும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அதனால் ‘மரணப் பந்தயம்’ என்று நீங்கள் எழுதியதற்கு நான் சண்டைக்கு வரவில்லை. 1972-இல் தன் நண்பரும் சக வீரருமான பார்லொட்டி அங்கே இறந்த பிறகு, பல முறை உலக சாம்பியனான அகஸ்தினியே இனி வரமாட்டேன் என்று நிறுத்திக்கொண்டார். 1976-க்குப் பிறகு இந்தப் பந்தயத்தை உலக சாம்பியன்ஷிப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். இதைப் பற்றி ஒரு வரி இல்லை, ‘சிலிர்க்கிறது’ மட்டும் நாலு இடத்தில் வருகிறது.

அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் இரண்டு வரி திருத்தம் போட்டால் போதும். இந்தக் கடிதத்தை வெட்டுவதென்றால், தயவுசெய்து ‘படங்கள் பிரமாதம்’ என்பதை முதலில் வெட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர்,
ஈரோடு.