பாட்டு போட முடிவு செய்பவர் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வானொலி வேலைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அறிவிப்பாளர்களைப் பற்றி விரிவாக எழுதியது மகிழ்ச்சி. ஆனால் நிகழ்ச்சி இயக்குநரை 'எந்தப் பாட்டு போடுவது என்று முடிவு செய்பவர்' என ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பதினெட்டு ஆண்டுகள் அந்த வேலை பார்த்தவன் என்பதால் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

முதலில் பாட்டையே எடுத்துக்கொள்வோம். புதுப் பாட்டு ஒன்று 4 மணி நேரத்துக்கு ஒருமுறை வரட்டும் என்று வைத்தால், 24 மணி நேரத்தில் கணக்கு சரியாக முடிந்து, மறுநாளும் அதே நேரத்துக்கே வந்து நிற்கும். காலை 8 மணிக்குக் கிளம்புகிறவர் தினமும் அதையே கேட்பார்; ஒரே வாரத்தில் அலுத்துவிடும். சுற்றை 5 மணி நேரமாக்கினால் இன்று 8 மணிக்கு வந்தது நாளை 9 மணிக்குத்தான் வரும். பட்டியல் போட இப்போது மென்பொருள் இருக்கிறது, சரி. அதற்கு விதி சொல்வதும், வந்த பட்டியலை வரி வரியாகப் படித்து, சோகப் பாட்டின் வாலிலேயே குத்துப்பாட்டு ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பிரித்துவிடுவதும் ஆள்தான்.

செய்தி எத்தனை நிமிடம், விளம்பரம் எந்த இடத்தில், பேச்சு எங்கே என்று ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வட்டம் போட்டு வைப்போம். அதற்குக் 'கிளாக்' என்றே பெயர். அமெரிக்காவில் நேயர் கணக்கெடுப்பு கால் மணி நேரக் கணக்கில் நடக்கிறது. அந்தக் கால் மணியில் 5 நிமிடம் கேட்டிருந்தால்தான் ஒரு நேயர் கணக்கில் வருவார் என்பது நெடுநாள் விதி; 2025 முதல், கருவி வைத்து அளக்கும் நகரங்களில் அது 3 நிமிடமாகிவிட்டது. இப்படிப்பட்ட இடங்களில் விளம்பர இடைவேளையை இரண்டு நிமிடம் முன்னே பின்னே நகர்த்துவதே பெரிய முடிவு.

ஆனால் இந்த வேலையின் உயிர் 'ஏர்செக்'. மைக் திறந்திருக்கும் நேரம் மட்டும் தனியாகப் பதிவாகும். அதை அறிவிப்பாளரோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, வாய் திறந்தாலே "நேயர்கள் அனைவருக்கும்" என்றுதான் ஆரம்பிப்பார். பதிவை நிறுத்தி, "இப்போ யாரை நினைச்சு பேசினீங்கம்மா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "யாரையும் இல்லை சார்" என்றார். வானொலியைப் பெரும்பாலும் தனியாகத்தான் கேட்கிறார்கள், ஒருவரிடம் பேசுங்கள் என்றேன். மறுநாள், "தூக்கம் வரலையா உங்களுக்கும்?" என்று தொடங்கினார். அறைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம், நள்ளிரவில் ஒலிபரப்பு நின்றுபோனால் முதல் போன் நமக்குத்தான். பெரிய விபத்துச் செய்தி வந்தால் கையில் இருக்கும் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிரிப்பு விளம்பரங்களை உடனே எடுக்கச் சொல்ல வேண்டும்.

நான் கடைசியாக இருந்த நிறுவனத்தில் ஒரே இயக்குநரிடம் நான்கு நிலையங்களைக் கொடுத்தார்கள். பட்டியல்கள் தவறாமல் வந்தன. முதலில் நின்றது ஏர்செக். தாங்கள் பேசுவது சரியா என்று சொல்ல ஆளில்லாமல் பிள்ளைகள் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கட்டுரைக்கு உங்கள் நிருபரை ஒரு ஏர்செக் அறையில் அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். அங்கே கேட்பதை எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிகழ்ச்சி இயக்குநர் ஒருவர்