மகனுக்கு: அந்த லண்டன் கடன் அழைப்பைப் பற்றி

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகன்,

நேற்று வட்ஸ்அப்பில் நீ, "எவ்வளவு என்று சொல்லுங்கள் அம்மா, கட்டித் தொலைத்துவிடுகிறேன், உங்களுக்கு ஏன் இந்த ஆக்கினை" என்றாய். அப்பா பக்கத்தில் இருந்ததால் நான் ஒன்றும் கதைக்கவில்லை. அதுதான் எழுதுகிறேன். ஒரு சதமும் கட்டாதே. இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும்வரையாவது கட்டாதே.

முதல் அழைப்பு போன செவ்வாய் இரவு, எட்டு மணிக்குச் சற்று முன்னால் வந்தது. அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். போனின் சின்னத் திரையில் 0044 என்று இங்கிலாந்து இலக்கம் விழுந்தது. உன் பழைய சிநேகிதர் யாரோ என்று நினைத்து எடுத்தேன். ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக, உன் முழுப்பெயரைச் சொல்லி "அவருடைய தாயாரா?" என்று கேட்டான். ஓம் என்றேன். "பதிவைச் சரிபார்க்க வேண்டும், மகன் பிறந்தது 1993 தானே?" என்றான். "இல்லை, 1992" என்று திருத்தினேன். கேட்காமலே நாளையும் மாதத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையின் வருடத்தை ஒருவன் பிழையாகச் சொன்னால் வாய் சும்மா இருக்குமா? போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அவனிடம் அந்தத் திகதி இருக்கவேயில்லை. நீ ரொறன்ரோவில் இருப்பதும் என் வாயிலிருந்துதான் போனது. பிழை என்னுடையது. உன் வங்கிக்கு ஒரு வார்த்தை சொல்லிவை, உன் பெயரில் யாராவது கதைத்தால் அவர்கள் கவனமாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். லண்டன் ஈஸ்ட்ஹாமில் நீ இருந்த வீட்டு இன்டர்நெட் கணக்கில் 1,180 பவுண் பாக்கியாம். அந்தக் கடனைத் தாங்கள் வாங்கிவிட்டார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இலங்கைப் பொலிசுக்குப் போகுமாம், அடுத்த முறை வரும்போது உன்னைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மறிப்பார்களாம், அப்பாவின் பெயர் இங்கே கறுப்புப் பட்டியலில் ஏறுமாம். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. உனக்குத் தெரியும்தானே, முதலில் யன்னல் கண்ணாடி நடுங்கும், பிறகு நாம் வாயைத் திறந்து பிரயோசனமில்லை. "ரயில் போகட்டும், பொறுங்கள்" என்றேன். அவன் பொறுக்கவில்லை. ரயிலுக்கு மேலால் கத்தினான். எனக்குச் சந்தேகம் பிடித்தது அங்கேதான்.

கடன் கேட்பது என்ன மாதிரியான வேலை என்று எனக்குத் தெரியும். புறக்கோட்டையில் அந்த இரும்புச்சாமான் மொத்தக் கடையில் 26 வருடம் கணக்கெழுதியவள் நான். பதுளைக்கும் மட்டக்களப்புக்கும் பாக்கிக் கடிதம் எழுதியதும் நான்தான். பில் இலக்கம், திகதி, சாமானைப் பாரமெடுத்தவரின் கையெழுத்து, இதுவரை வந்த காசு, மிச்சம், இத்தனையும் இல்லாமல் முதலாளி ஒரு கடிதத்தையும் தபாலுக்கு விடமாட்டார். ஒரு கடைக்காரரின் தாய்க்கும் நாங்கள் எழுதியதில்லை. இவனிடம் கணக்கு இலக்கத்தைக் கேட்டால் "பாதுகாப்புக் காரணத்தால் சொல்ல முடியாது" என்கிறான். பிறந்த திகதியை மட்டும் நான் சொல்லலாமாம்!

வியாழக்கிழமை அப்பா எடுத்தார். இந்த முறை ஒரு பெண். இன்றைக்கே 400 பவுண் கட்டினால் கணக்கை மூடிவிடுவோம் என்றாளாம். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டாள், ஆகவே கள்ளர்தான் என்று அப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பழைய கடன்களை வாங்கி வசூலிக்கும் தொழில் இங்கிலாந்தில் உண்மையிலேயே இருக்கிறது. பாக்கித் தொகையில் ஒரு சிறு பங்கைக் கொடுத்துத்தான் வாங்குவார்கள், அதனால் கழிவு கொடுத்தாலும் அவர்களுக்கு நட்டமில்லை. செத்த பாக்கிக்கு எங்கள் முதலாளியும் கழிவு கொடுத்தவர்தான். என்னை உறுத்துவது அந்த "இன்றைக்கே". அதோடு, கொம்பனிக் கணக்குக்கு இல்லாமல், காசு அனுப்பும் முகவர் மூலம் ஏதோ ஒரு தனி ஆளின் பெயருக்கு அனுப்பச் சொன்னாள்.

மேல்மாடி அக்காவின் மகள் லண்டனில் சட்டத்தரணி அல்லவா, வெள்ளி இரவு அவளோடு கதைத்தேன். கதைத்ததைச் சீ.ஆர். கொப்பியில் எழுதிவைத்திருக்கிறேன். அங்கே இப்படிக் கடன் வசூலிப்பவர்களுக்குப் பெரும்பாலும் எஃப்சிஏ என்ற நிதி நடத்தை அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அந்தப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, யாரும் தேடிப் பார்க்கலாம். ஆனால் பெயர் இருந்தால் மட்டும் போதாது. கள்ளர் உண்மையான கொம்பனியின் பெயரையே இரவல் வாங்கிக்கொள்வார்களாம். 0044 என்று விழுவதும் அத்தாட்சி இல்லை, இலக்கத்தை மாற்றிக் காட்டலாம். ஆகவே அவர்கள் தரும் இலக்கத்துக்கு எடுக்காதே, பதிவேட்டில் உள்ள இலக்கத்துக்கு எடு. இன்னொன்றும் சொன்னாள். ஒருவரின் கடன் விவரத்தை அவர் வீட்டாருக்குச் சொல்வது அங்கே விதிப்படி பிழை. நேர்மையான கொம்பனி என்றால் என்னிடம் தொகையைச் சொல்லியே இருக்காது.

மற்ற மிரட்டல்கள் வெறும் பூச்சாண்டி. இன்டர்நெட் பில் சிவில் விவகாரம், அதற்குப் பொலிஸ் வராது. ஒரு தனியார் கொம்பனி போன் அடித்துக் கட்டுநாயக்காவில் யாரையும் நிறுத்த முடியாது. கறுப்புப் பட்டியல் என்று பயமுறுத்தினானே, இங்கே அந்த விவரங்களை வைத்திருப்பது கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. இங்குள்ள வங்கிகளும் நிதிக் கொம்பனிகளும் கொடுப்பதுதான் அதில் ஏறும். அப்பா பிணையும் நிற்கவில்லை, கையெழுத்தும் வைக்கவில்லை. அவர் பெயர் எப்படி வரும்?

இனி முக்கியமான விஷயம். இங்கிலாந்தில் 1980ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி இப்படியான சாதாரண ஒப்பந்தக் கடனுக்கு ஆறு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நீ அந்த வீட்டை விட்டது 2017 ஆவணியில். ஆறு வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் இடையில் கொஞ்சம் கட்டியிருந்தாலோ, கடன் என்னுடையதுதான் என்று எழுத்தில் ஒத்துக்கொண்டிருந்தாலோ அந்த ஆறு வருடம் திரும்ப முதலிலிருந்து ஓடும். மின்னஞ்சலில் ஏதாவது எழுதினாயா என்று தேடிப் பார். இப்போதும் "நல்லெண்ணத்துக்கு" என்று பத்துப் பவுண்கூட அனுப்பிவிடாதே. இன்னொரு பயமும் இருக்கிறது. நீ போன பிறகு பழைய ஈஸ்ட்ஹாம் விலாசத்துக்கு வழக்குக் கடிதம் போய், நீ பதில் போடாததால் தீர்ப்பும் ஆகியிருக்கலாம். அப்படியென்றால் ஆறு வருடக் கதையைச் சொல்லித் தப்ப முடியாது. தீர்ப்புப் பதிவேட்டைச் சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாமாம். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற கடன் தகவல் கொம்பனிகள் மூன்றிலும் உன் கடன் அறிக்கையை இலவசமாகவே எடுக்கலாம்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. எங்களுக்கு மானக்கேடு என்றுதானே கட்டப் பார்த்தாய்? அது அவர்களுக்கும் தெரியும். உன்னை ரொறன்ரோவில் தேடி அலைவதைவிட வெள்ளவத்தையில் தாய்க்கு ஒரு போன் அடித்தால் காசு கெதியாக வரும். அப்பா இரண்டு நாளாகக் கடற்கரைக்கு நடக்கப் போகவில்லை. யாராவது கேட்டுவிடுவார்களாம். யார் கேட்கப் போகிறார்கள்? நான் மேல்மாடி வரைக்கும் போய்ச் சொல்லியாகிவிட்டது, இனி ஒளிக்க என்ன இருக்கிறது.

இனி எடுத்தால் சொல்வதற்கு ஒரு வசனத்தைப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்: "எழுத்தில் அனுப்புங்கள்." அதைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். உன் விலாசத்தை அவர்கள் என்னிடம் வாங்க முடியாது.

நேற்று அலுமாரிக்கு மேலிருந்த உன் நீலச் சூட்கேஸை இறக்கினேன். அடியில் ஒரு பில் கிடந்தது, 2017 யூலை, 38 பவுண் 40. கணக்கு இலக்கமும் இருக்கிறது, படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். 1,180 எங்கே, 38 எங்கே! ஆனால் அந்த 38ஐ நீ கட்டினாயா? உன் லண்டன் வங்கிக் கணக்கில் பார்த்து எனக்கு உண்மையைச் சொல். திட்டமாட்டேன். கொஞ்சம் திட்டுவேன்.

அம்மா