எஃப்ஆர்4 என்று விற்ற பழுப்பு போர்டும், பெயர் முழுதாக எழுதாத ஃபெரிக் குளோரைடும்

சேலம்,
20.01.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: 04.12.2024 அன்று நான் ஆர்டர் செய்த காப்பர் கிளாட் போர்டுகளும் (செம்புத் தகடு ஒட்டிய சர்க்யூட் போர்டுகள்), செம்பைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடும் உங்கள் தளத்தில் எழுதியிருந்தபடி இல்லாதது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் குடியிருக்கிறேன். பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஒன்பது வருடமாக வீட்டிலேயே பிசிபி எனும் சர்க்யூட் போர்டு வரைந்து, எட்சிங் செய்து (வேண்டாத செம்பைக் கரைத்து எடுத்து), ஓட்டை போட்டு, சால்டர் வைத்து வருகிறேன். முதலில் பெர்மனன்ட் மார்க்கரால் செம்பின் மேலேயே கோடு இழுத்தேன். இப்போது கிகாட் மென்பொருளில் வரைந்து, லேசர் பிரிண்டரில் பளபளப்புத் தாளில் எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி போர்டுக்கு மாற்றுகிறேன். விற்பதற்காகச் செய்வதில்லை. காலையில் மனதில் தோன்றிய சர்க்யூட்டை சாயந்தரம் கையில் பிடித்துப் பார்க்கலாம், அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் செய்கிறேன். நான்கு வருடமாக உங்களிடம்தான் பொருள் வாங்குகிறேன். அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த ஆர்டருக்கு ஒரு காரணம் இருந்தது. ஏற்காட்டில் என் தம்பிக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் இருக்கிறது. நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயல் மழையில் களத்தில் காயப்போட்டிருந்த பழம் நனைந்துவிட்டது. இரவில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள், அதில் சிக்கல் இல்லை. பகலில்தான் சிரமம். எல்லோரும் மேலே பழம் பறிக்கப் போய்விட்டால், வீட்டில் அம்மா மட்டும் இருப்பார். அடுப்படியில் இருக்கும் அவருக்குத் தூறல் விழுவது தெரியாது. முதல் துளி விழுந்ததும் சத்தம் போடுகிற ஒரு மழை அலாரம் செய்து தருகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். சீப்பைச் சீப்புக்குள் சொருகினாற்போல இரண்டு செம்புத் தடங்கள், நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அதன் மேல் துளி விழுந்தால் மின்சாரம் கசியும், மின்னழுத்தங்களை ஒப்பிடும் எல்எம்393 சிப் அதைக் கண்டுபிடித்து பஸ்ஸரை அடிக்கும். இவ்வளவுதான் சர்க்யூட்.

நான் கேட்டது: எஃப்ஆர்4 எனும் கிளாஸ் எபாக்ஸி (கண்ணாடி இழையும் எபாக்ஸி பிசினும் சேர்ந்த) போர்டு, 1.6 மி.மீ. தடிமன், 35 மைக்ரான் செம்பு, ஒரு பக்கம், 6×4 அங்குலம், 10 எண்ணிக்கை, 1,100 ரூபாய். ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் (நீர் சேர்ந்த வகை), 500 கிராம் பாக்கெட் இரண்டு, 440 ரூபாய். இவற்றோடு 0.8, 1.0 மி.மீ. டிரில் பிட்கள் 300 ரூபாய், கூரியர் 120. மொத்தம் 1,960 ரூபாய். டிரில் பிட்கள் அருமையாக இருந்தன, அதில் குறை இல்லை.

டிசம்பர் 7, சனிக்கிழமை பார்சல் வந்தது. போர்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கிளாஸ் எபாக்ஸி என்றால் வெளிர்பச்சையாக, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நெசவு தெரிகிற மாதிரி இருக்கும். வந்தவை பத்தும் பழுப்பு. காகிதத்தை ஃபீனாலிக் பிசினில் தோய்த்து அழுத்திய எஃப்ஆர்2 ரகம். உறையில் மட்டும் எஃப்ஆர்4 என்று ஸ்டிக்கர். அன்றைக்கே படம் எடுத்து உங்கள் உதவி எண்ணுக்கு அனுப்பினேன். "மேடம், இரண்டும் ஒன்றுதான், வேலைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, பயன்படுத்துங்கள்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அப்படியே இணைத்திருக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைவிடப் பெரிய விஷயம் மறுநாள் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் எட்சிங் கரைசல் கலக்க உட்கார்ந்தேன். படிப்புக்காக என்னோடு தங்கியிருக்கும் தம்பி மகன், பதினோரு வயது, பக்கத்தில் நின்றான். இரண்டு பேரும் கண்ணாடியும் கையுறையும் போட்டிருந்தோம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து, அதில் தூளைப் பிளாஸ்டிக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். தூளில்தான் தண்ணீரை ஊற்றக்கூடாது, தண்ணீரில் தூளைப் போட வேண்டும் என்பது எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கம்தான் அன்று எங்களைக் காப்பாற்றியது.

ஹெக்ஸாஹைட்ரேட் மஞ்சளும் பழுப்புமாகக் கட்டி கட்டியாக இருக்கும். இது கறுப்பாக, மணல் போல இருந்தது. புதுச் சரக்கு, பொடியாக அரைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அது என் தவறுதான், அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பாக்கெட்டில் பெரும்பகுதியைப் போட்டிருப்பேன். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெறித்தாற்போல உஸ்ஸென்று சத்தம். வெள்ளையாகப் புகை எழுந்தது. மூக்கும் தொண்டையும் எரிந்தன. "அத்தை, டப்பா வளையுது" என்று பையன் கத்தினான். சூட்டில் டப்பாவின் ஒரு பக்கம் இளகிச் சரிந்து, கரைசல் மாடித் தரையெல்லாம் ஓடியது. பையனை இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் நெடி வந்ததுமே ஓடி வந்துவிட்டார். அமிலத்தோடு புழங்குகிற தொழில் அவருடையது. "கிட்டப் போகாதீங்க டீச்சர், ஆறட்டும்" என்று எங்களைத் தடுத்து நிறுத்தினார். புகை அடங்கிய பிறகு சலவை சோடாவைத் தூவி, நுரை நின்றதும் வழித்து வாளியில் எடுத்தோம். தரையில் துருக்கறை இன்னும் போகவில்லை. பையன் அன்று மதியம் வரை இருமிக்கொண்டே இருந்தான். நல்லவேளை, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் அனுப்பியது நீரற்ற ஃபெரிக் குளோரைடு. இது என் ஊகம் இல்லை, சோதித்துப் பார்த்தேன். இரண்டாவது பாக்கெட்டிலிருந்து 10 கிராம் எடுத்து, திறந்த வெளியில், 28 டிகிரியில் இருந்த 100 மில்லி தண்ணீரில் போட்டேன். வெப்பமானி 46 டிகிரிக்கு ஏறியது. போன வருடம் உங்களிடமே வாங்கி மிச்சமிருந்த ஹெக்ஸாஹைட்ரேட்டை அதே அளவில் போட்டபோது 31 டிகிரியைத் தாண்டவில்லை. ஹெக்ஸாஹைட்ரேட்டில் ஒவ்வொரு மூலக்கூறோடும் ஆறு நீர் மூலக்கூறுகள் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன. அதனால் தண்ணீரில் போட்டால் அமைதியாகக் கரையும். நீரற்றது தண்ணீரைக் கண்டதும் கடுமையாகச் சூடாகும், ஹைட்ரஜன் குளோரைடு புகையை விடும். அளவும் மாறிவிடுகிறது. 500 கிராம் ஹெக்ஸாஹைட்ரேட்டில் 300 கிராம்தான் ஃபெரிக் குளோரைடு, மீதி 200 கிராம் தண்ணீர். நீரற்றதில் 500 கிராமும் ஃபெரிக் குளோரைடுதான். பழக்கத்தில் அதே எடையைக் கலக்குகிறவருக்கு இதை யார் சொல்வது?

நீரற்றதை விற்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அதற்கும் வேலை இருக்கிறது, எச்சரிக்கையோடு கையாளத் தெரிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் உங்கள் பாக்கெட்டில் "ஃபெரிக் குளோரைடு, பிசிபி எட்சிங்" என்று மட்டும்தான் இருக்கிறது. எந்த வகை என்று இல்லை. தயாரித்தவர் பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை, அரிக்கும் பொருள் என்ற அபாயக் குறி இல்லை. உங்கள் தளத்தில் இதை "மாணவர் கிட்" பகுதியிலும் வைத்திருக்கிறீர்கள். என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் இரண்டு பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்கலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை, வீட்டுக் குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, இந்தத் தூளின் மேல் மக்கால் தண்ணீர் ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வி வந்த பிறகு பல இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

இனி போர்டு. "இரண்டும் ஒன்றுதான்" என்றீர்களே, அதை நம்பி ஒன்றைச் செய்தேன். அறுவடை நடந்துகொண்டிருந்தது, வேறு போர்டு வாங்கக் காத்திருக்க நேரமில்லை. அடுத்த ஞாயிறு, டிசம்பர் 15 அன்று, பாட்டிலில் இருந்த பழைய கரைசலில் எட்சிங் செய்தேன். அது சீராகவே நடந்தது. மாடி வெயிலில் டிரேயை வைத்து ஆட்டிக்கொண்டிருந்தால், கால் மணி நேரத்தில் செம்பு ஓரத்திலிருந்து கரைந்து, தடங்கள் மட்டும் நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. அப்புறம் செம்பு அரிக்காமல் இருக்க ஈயப்பூச்சு கொடுக்கச் சால்டரிங் அயர்னை வைத்தேன். இரண்டு இடங்களில் தடம் போர்டை விட்டு எழும்பி வந்துவிட்டது. ஒட்டுப்போட்டுச் சரிசெய்து தம்பியிடம் கொடுத்தனுப்பினேன்.

டிசம்பர் 17, 18, 19, மூன்று நாளும் அலாரம் அடித்தது. மழை இல்லை, பனிமூட்டம்தான். ஏற்காட்டில் அந்த மாதத்தில் மூட்டம் எந்த நேரத்திலும் களத்தின் மேல் வந்து உட்காரும். ஒவ்வொரு முறையும் அம்மா, 68 வயதில், தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். மூட்டம் விலகி வெயில் வந்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. இருபதாம் தேதி காலை தம்பி ஸ்விட்சை அணைத்துவிட்டான். அன்று மதியம் தூறியது. இரண்டு மூட்டைப் பழம் நனைந்தது.

அந்த வார இறுதியில் மலைக்குப் போனேன். என்னிடம் மிச்சமிருந்த ஒரே ஒரு பழைய எஃப்ஆர்4 துண்டில் அதே சீப்பு வடிவத்தைச் செய்து எடுத்துக்கொண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் களத்துச் சுவரில் வைத்தேன். முதல் துளிக்கே சத்தம் வர வேண்டும் என்று சர்க்யூட்டில் 2.2 மெகா ஓம் போட்டிருந்தேன்; தடங்களுக்கு இடையே மின்தடை அதற்குக் கீழே இறங்கினால் அலாரம் அடிக்கும். மூட்டம் போன பிறகு இரண்டையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு மல்டிமீட்டரை வைத்தேன். உங்கள் போர்டில் இரண்டு தடங்களுக்கு இடையே 1.8 மெகா ஓம். எஃப்ஆர்4 துண்டில் 20 மெகா ஓம் அளவிலும் மீட்டர் எதையும் காட்டவில்லை. மேலே இருக்கும் ஈரம் துடைத்தால் போய்விடும். காகிதப் போர்டு உள்ளே குடித்த ஈரம் போகாது. ரேடியோவுக்குள், காய்ந்த இடத்தில் இருக்கிற சர்க்யூட்டுக்கு எஃப்ஆர்2 போதும், விலையும் குறைவு. வெட்டவெளியில் ஈரத்தில் நிற்க வேண்டிய போர்டுக்கு அது உதவாது. அதைத் தெரிந்துதான் கூடுதல் விலை கொடுத்து எஃப்ஆர்4 கேட்டேன்.

டிசம்பர் 9, 23 தேதிகளில் மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டுக்கும் "உங்கள் புகார் பெறப்பட்டது" என்ற தானியங்கிப் பதில் மட்டும் வந்தது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் பெற்ற ஒரு மாதத்துக்குள் நீங்கள் தீர்வு தர வேண்டும். முதல் புகாருக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டது.

நனைந்த காப்பிக்கு உங்களிடம் பணம் கேட்கவில்லை. போர்டுக்கும் ரசாயனத்துக்கும் கொடுத்த 1,540 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அதைவிட அவசரமாக, இதே சரக்கில் ஃபெரிக் குளோரைடு வாங்கிய ஒவ்வொருவருக்கும் இது நீரற்றது, இதைத் திறக்க வேண்டாம் என்று இன்றைக்கே செய்தி அனுப்புங்கள். முகவரியும் தொலைபேசி எண்ணும் உங்களிடம்தான் இருக்கின்றன. மாணவர் கிட்டிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். இனி விற்கும் பாக்கெட்டில் எந்த வகை, எப்படிக் கலப்பது, கொட்டினால் என்ன செய்வது என்று தமிழில் அச்சிடுங்கள். தீர்ந்த கரைசலை என்ன செய்வது என்பதையும் அதில் சேருங்கள். அதில் கரைந்திருக்கும் செம்பு மீனுக்கு நஞ்சு. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் திருமணிமுத்தாறு எங்கள் ஊருக்குள்ளேதான் ஓடுகிறது, சாக்கடையில் ஊற்றினால் அங்கேதான் போய்ச் சேரும். நான் சலவை சோடா போட்டுச் செம்பைப் படியவைத்து, வண்டலைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். விற்கிறவர்கள் நீங்கள்தான் சொல்ல முடியும். "இரண்டும் ஒன்றுதான்" என்ற பதிலையும் எழுத்தில் திருத்தித் தாருங்கள்.

மீதி ஒன்பது போர்டுகளையும் நீங்கள் சொல்லும் முகவரிக்கு அனுப்பத் தயார். மீதமிருக்கும் ஃபெரிக் குளோரைடை மட்டும் கூரியரில் அனுப்ப மாட்டேன். வழியில் அது என்னவென்று தெரியாமல் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் வைத்து, வெளியே "நீரற்றது, தண்ணீர் படக்கூடாது" என்று நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். விவரம் தெரிந்த ஓர் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி நாட்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்.

பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

இணைப்பு: ரசீது நகல், போர்டு மற்றும் பாக்கெட்டின் படங்கள், உங்கள் உதவி எண்ணிலிருந்து வந்த பதில், வளைந்த டப்பாவின் படம்.