கதிரை அடுக்கியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் ஆரம்பப் பாடசாலையில் நடந்த இசை விழாவில் நன்றியுரை சொல்ல வேண்டியவள் நான்தான். நான்கு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். என் முறை வரும்போது நேரம் ஆறே முக்கால். நிலாவெளிப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அம்மாமார் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பையுமாக எழும்பிவிட்டார்கள். யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ அவர்கள் மண்டபத்தின் பின்பக்கம் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றார்கள். பிளாஸ்டிக் கதிரை ஒன்றின் மேல் ஒன்று விழுகிற சத்தத்துக்குள் "அனைவருக்கும் நன்றி" என்று இரண்டே சொல் சொல்லிவிட்டு இறங்கினேன். மிச்சம் தொண்டைக்குள் நிற்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் ஒருவர் பெயரும் போடவில்லை. திருகோணமலை அவ்வளவு பெரிய ஊரும் இல்லை, ஆளை ஆள் கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

நன்றிக்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருடம் வாணி விழாவுக்குத் தரம் 3 பிள்ளைகளில் பன்னிரண்டு பேரைத் தெரிந்து பாட விட்டேன். அதில் ஒரு பையனுக்குச் சுருதி நிற்கவில்லை, குரலும் பெரிய குரல். "நீ வாயை மட்டும் அசை ராசா, சத்தம் வேண்டாம்" என்றேன். அவன் சொன்னபடியே செய்தான். அடுத்த கிழமை அவனுடைய அம்மப்பா பாடசாலை வாசலில் நின்றார். கரைவலை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. சண்டைக்கு வரவில்லை. "ரீச்சர், பேரனுக்குத் தொண்டையில ஏதும் வருத்தமோ? வீட்டில நல்லாத்தானே கத்துறான்" என்று கேட்டார். நான் சுருதி, கூட்டுப்பாடல் என்று ஏதேதோ விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்கள் வலை இழுக்கேக்க குரலைப் பார்த்து ஆள் எடுக்கிறதில்ல, ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை. இந்த வருடம் தரம் 1 முதல் 5 வரை எல்லாப் பிள்ளைகளும் பாட வேண்டும், ஒருவரையும் தெரிவதில்லை என்று முடிவெடுத்தது அதற்குப் பிறகுதான். முடிவெடுப்பது சுலபம். அதைச் சுமந்தது நான் இல்லை, கீழே வருகிறவர்கள்.

முதலாவது ஆள் அந்த ஐயாவேதான். அம்பாப் பாட்டுப் பழக்க வர முடியுமா என்று வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்களே, அந்தப் பாட்டு. புதன்கிழமைகளில் வந்தார். வெறும் கையோடு வரவில்லை, பழைய வலைக் கயிறு ஒன்றைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தார். ஒரு நுனியை முற்றத்து வேப்பமரத்தில் கட்டினார், மற்றப் பக்கம் முப்பது பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார். அவர் ஒரு அடி சொல்வார், பிள்ளைகள் "ஏலேலோ" என்று இழுப்பார்கள். குரல் எழும்புகிற இடத்தில்தான் கையும் இழுக்க வேண்டும். பிந்தினால் முன்னால் நிற்கிறவரின் முதுகில் போய் முட்ட வேண்டியதுதான். தொடையில் தட்டி, விரல் எண்ணி ஆதி தாளம் பழக்க நான் ஒரு தவணை முழுவதும் பட்ட பாட்டை அந்தக் கயிறு மூன்று புதன்கிழமையில் முடித்துவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்பாவில் எல்லா அடியும் சின்னப் பிள்ளைகள் கேட்கிற மாதிரி இருக்காது. அப்படிப்பட்ட அடி வருகிற இடத்தில் ஐயாவுக்குச் சரியாக இருமல் வரும். இருமி முடிய அடுத்த அடிக்குப் போய்விடுவார். பிள்ளைகள் அந்த இருமலையும் சேர்த்துப் பாடமாக்கி, விழாவன்று மேடையில் முப்பது பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். முன்வரிசையில் இருந்த அதிதிகளுக்கு அது விளங்கவில்லை, பின்வரிசையில் நின்ற கடற்கரை ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த நன்றி மட்டக்களப்பு, கல்லடியில் எனக்குச் சங்கீதம் படிப்பித்த ஆசிரியை அம்மாவுக்கு. நான் பாடுவது ஐந்து கட்டையில். எனக்கு வசதி என்பதால் பிள்ளைகளையும் அதே சுருதியில் இருத்தியிருந்தேன். சின்னவர்கள் ஆதார சட்சத்தில், அதாவது அடிச் சுரத்தில், உறுமினார்கள். தலைகீழாக நின்றும் சரிவரவில்லை. கடைசியில் ஒரு பயிற்சியைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. "அதுகளுக்குச் சுருதி இருக்கு. நீதான் அதுகளைக் கிணத்துக்குள்ள இறக்கி விட்டிட்டுப் பாடச் சொல்லுறாய். மேல ஏத்து." ஆறரைக் கட்டைக்கு ஏற்றினேன். பாதிப் பிரச்சினை அன்றே தீர்ந்தது. வாயை மட்டும் அசைக்கச் சொன்னேனே அந்தப் பையன், அவனுடைய சுருதியும் பாதி வழி வந்து சேர்ந்தது. போன வருடமே இதைக் கேட்டிருக்கலாம். நினைக்க இன்னும் வெட்கமாக இருக்கிறது.

சுருதிப்பெட்டி பழுதாகிக் கிடந்தபோது தன் பழைய தொலைபேசியில் தம்புராச் செயலி போட்டு, சின்ன ஸ்பீக்கர் ஒன்றோடு கொண்டுவந்து தந்த தரம் 2 அப்பாவுக்கும் நன்றி. பயிற்சியின் நடுவில் அதற்கு அழைப்பு வந்து தம்புரா நின்றுபோன நாட்களும் உண்டு. கடைசியில் அவரே சிம் அட்டையைக் கழற்றிவிட்டார்.

அப்புறம் தேவாரம். சம்பந்தர் கோணமலை மேல் பாடிய பதிகம் இல்லாமல் இந்த ஊரில் எந்த விழாவும் தொடங்காது. அதற்குப் பண் புறநீர்மை, பூபாளத்தில் பாடுவார்கள். மத்திமமும் நிஷாதமும் இல்லை, ஐந்தே சுரம். வழுக்குகிற இடம் குறைவு என்பதால் தரம் 1 பிள்ளைகளுக்கே அதைக் கொடுத்தேன். சம்பந்தர் கடல் தாண்டி இங்கே வரவில்லை, இராமேசுவரத்தில் நின்றபடி பாடினார் என்று கதை சொன்னபோது ஒரு சின்னவள் கையை உயர்த்தி, "அங்க நிண்டு பாடினா இங்க எப்படி ரீச்சர் கேட்டது?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. வயர் இழுத்துக்கொண்டிருந்த ஸ்பீக்கர் செற் தம்பிதான் ஏணியில் நின்றபடியே, "அந்தக் காலத்தில கடலில எஞ்சின் போட் ஓடேல்ல மகள், அதுதான் கேட்டது" என்றார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அந்தத் தம்பிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். விழா நடந்தது கச்சான் காற்று அடிக்கிற காலம். (கச்சான் என்றால் எங்களுக்குக் காற்றும் அதுதான், கொறிக்கிற கடலையும் அதுதான். அன்றைக்கு இரண்டுக்கும் குறைவில்லை.) முதல் நாள் ஒத்திகையில் மைக்கில் பாட்டை விடக் காற்றுத்தான் கூடுதலாகக் கேட்டது. அதோடு, முப்பது பிள்ளைகளின் முன்னால் ஒரு மைக்கை நிறுத்தினால் அது பாட்டாக இருக்காது, பந்தாட்டமாக இருக்கும். அவர் மைக்கைத் தாங்கியோடு தூக்கி ஓரம் வைத்துவிட்டு, மேடைக்கு மேலே நைலோன் கயிறு கட்டி இரண்டு மைக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். இரண்டுக்கும் தன் கைலேஞ்சியை இரண்டாகக் கிழித்துச் சுற்றினார். பிள்ளைகளுக்கு எட்டவில்லை, காற்றும் இரையவில்லை. வழக்கமாக வாங்குகிற காசில் அரைவாசிதான் வாங்கினார், அதையும் நான் திணித்ததால்தான். கிழிந்த கைலேஞ்சிக்குப் பதில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன் தம்பி, வந்து எடுங்கள்.

மிருதங்கம் வாசித்தவர் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வெடுத்த ஐயா. இருபது வருடமாகக் கோயில் கச்சேரி தவிர வேறெங்கும் வாசிக்காதவர். ஒவ்வொரு நாளும் வந்து இருந்ததும் மடியிலிருந்து சின்னத் தகர டப்பாவை எடுப்பார். உள்ளே ரவை. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பி என்கிற இடப்பக்கத்துத் தோலின் நடுவில் வட்டமாக அப்புவார். அப்பிய பிறகு ஒரு தட்டு. "தொம்" என்று அடி வயிற்றில் கேட்கும். கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் மண்டபத்து ஈரலிப்பில் தோல் தளர்ந்து விடுவதால் கல்லையும் கட்டையையும் வைத்து வாரைத் தட்டி இறுக்குவதற்கே கால் மணித்தியாலம் போகும். தரம் 1 பிள்ளைகள் சுற்றிக் குந்தியிருந்து பார்ப்பார்கள். மிருதங்கத்துக்குச் சாப்பாடு தீத்துவதாகத்தான் அவர்களுடைய எண்ணம். ஒரு நாள் ஒருவன் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து அரைவாசி இடியப்பத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு ஓடினான். ஐயா அதை எறியவில்லை. "இதுக்கு ரவைதான் ஒத்துக்கொள்ளும்" என்று சொல்லித் தானே சாப்பிட்டார்.

கோலாட்டத்துக்கு எண்பது கோல் தேவைப்பட்டது. கடையில் விலை கேட்டுத் திரும்பி வந்துவிட்டோம். கிண்ணியாவில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிற நானா ஒருவர் விஷயத்தை யாரிடமோ கேள்விப்பட்டு, கழிவுக் கட்டையில் கடைந்து, முனை குத்தாமல் அரத்தாளும் தேய்த்து, உரப் பையில் கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன் என்றால் பாதைக்கு (ஆள் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவைக்கு) காத்துக் கிடந்துதான் அவர் வந்திருக்க வேண்டும். வந்தவர் சும்மா போகவில்லை. அவர்களுடைய முஸ்லிம் ஆட்கள் ஆடுகிற களிகம்பில், பொல்லடி என்றும் சொல்வார்களே, அதில் சுற்றித் திரும்பும்போது கோலை எப்படிப் பிடித்தால் விரலில் படாது என்று காட்டிக் கொடுத்தார். அதன் பிறகு நாங்கள் ஒரு பிளாஸ்டருக்கும் வேலை வைக்கவில்லை. காசு தரப் போனேன். "அடுத்த தடவை எங்கட பிள்ளையளையும் கூப்பிடுங்க" என்றார். கூப்பிடுவோம் நானா, இது எழுத்தில் இருக்கட்டும்.

தரம் 5 வகுப்பாசிரியைக்கு நன்றி சொல்வது எனக்குக் கொஞ்சம் சங்கடம், ஏனென்றால் நாங்கள் இருவரும் இரண்டு மாதம் சரியாகக் கதைக்கவில்லை. புலமைப்பரிசில் பரீட்சை தலைக்கு மேலே நிற்கிற நேரத்தில் பாட்டு என்று பிள்ளைகளைக் கூப்பிட்டால் அவர் என்ன செய்வார்? பெற்றோரும் அவர் பக்கம்தான். கடைசியில் ஒரு இணக்கத்துக்கு வந்தோம். பாட நேரத்தைத் தொடுவதில்லை, வெள்ளிக்கிழமைக் காலைக்கூட்டத்தில் ஒரு வகுப்பு ஐந்து நிமிடம் பாடும், அதுதான் பயிற்சி. தேசிய கீதம், பஞ்சபுராணம், நற்சிந்தனை எல்லாம் முடிந்த பிறகு, மைக் இல்லாமல். முதல் வெள்ளி தரம் 1 அழுதது. இரண்டாவது வெள்ளி தரம் 2 பாதியில் மறந்து, வேலிக்கு வெளியே போன ஐஸ்கிறீம் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றது. நாலைந்து கிழமை போக, அடுத்த வகுப்பு என்ன பாடப்போகிறது என்று கேட்க அம்மாமார் வாசலில் நிற்கத் தொடங்கினார்கள். கூட்டத்தை நீட்டாமல் தன் உரையை இரண்டு நிமிடமாகச் சுருக்கிக்கொண்ட அதிபருக்கும் நன்றி. அது எவ்வளவு பெரிய தியாகம் என்று எங்கள் ஆசிரியர்களுக்குத் தெரியும்.

காவலாளி அண்ணனை மறந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. முதல் நாள் இரவு பத்து மணிக்கு வாசலில் வாழை கட்டி, மாவிலைத் தோரணமும் தொங்கவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனோம். கோட்டைப் பக்கத்து மான்கள் இரவில் ஊருக்குள் உலாவுவது எங்களுக்குத் தெரியாத விஷயமா? இருந்தும் ஒருவருக்கும் அது நினைவு வரவில்லை. விடிய நாலு மணிக்கு அண்ணன் தொலைபேசி எடுத்தார். "ரீச்சர், தோரணத்தில நூல் மட்டும்தான் மிச்சம்." எட்டு மான் என்றார். வாழையிலும் இலை இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மனிசன் தன் வீட்டு மாமரத்தில் ஏறி இலை பறித்து, டோர்ச் வெளிச்சத்தில் இருந்து கோர்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு குட்டி மான் இன்னும் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் நாலு இலை போட்டிருந்தார்.

உடுப்புத் தைத்த அக்காமார் மூவர், பிளேன்ரீ ஊற்றிய பழைய மாணவர்கள், பிள்ளைகளை இரண்டு தடவையாக ஏற்றி இறக்கிய ஓட்டோக்கார அண்ணன்மார், அழைப்பிதழில் நான் விட்ட எழுத்துப்பிழையை அச்சடிக்க முதல் பிடித்த அச்சகத்துப் பிள்ளை, எல்லாருக்கும் நன்றி. கதிரை அடுக்கியவர்களுக்கும்தான்.

அந்தப் பையன் மூன்றாவது வரிசையில் நின்று அம்பா பாடினான். அரை அடி முந்தினான். அவனுடைய அம்மப்பா வேப்பமரத்தடியில் நின்று கேட்டார். விழா முடிய அவரிடம் போய், "எப்படி ஐயா?" என்றேன். "கயிறு நல்லா இழுபட்டது" என்றார்.

ஒரு அறிவித்தலோடு முடிக்கிறேன். மேடைக்குப் பின்னால் எடுத்தவை என் அலுமாரியில் இருக்கின்றன: ஒற்றைச் சலங்கை ஒன்று, மூடி இல்லாத சில்வர் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, இடது கால் செருப்பு இரண்டு (இரண்டும் வேறு அளவு), பின்னே ஒரு ரவை டப்பா. வெள்ளிக்கிழமை காலைக்கூட்டத்துக்கு வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். ஏழரைக்குத் தொடங்கிவிடும். இந்த வெள்ளி தரம் 2 பாடுகிறது. ஐஸ்கிறீம் வண்டிக்காரரிடம் எட்டு மணிக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறேன். ஒத்துக்கொண்டார், அவருக்கும் நன்றி.

இப்படிக்கு,
சங்கீத ஆசிரியை
திருகோணமலை