சக்கை மாட்டுக்கு, சர்க்கரை மனுஷனுக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

போன ஞாயிறு இணைப்பில், "பழச்சாற்றில் இருப்பது இயற்கைச் சர்க்கரைதான், நீரிழிவுக்காரர்களும் தயங்காமல் தினமும் குடிக்கலாம்" என்று போட்டிருந்தீர்கள். எழுதியவர் பெயர் இல்லை. கீழேயே பாக்கெட் ஜூஸ் விளம்பரம். தற்செயலாகத்தான் இருக்கும், நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. நான் சொன்னால் காதில் ஏறாது, பேப்பரில் வந்தால் வேதம். எங்கள் தோட்டத்தில் காப்பிக்கு நடுவே மிச்சமிருக்கும் கமலா ஆரஞ்சில் தினம் ஒன்றைச் சுளை சுளையாகத் தின்றுகொண்டிருந்தவர், மறுநாளே நாலைந்தை மிக்ஸியில் அடித்து, என் இட்லித் துணியில் பிழிந்து, ஒரே மடக்கில் குடித்துவிட்டார். நார் இருக்கும் சக்கை மாட்டுக்குப் போனது. இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 300-க்கு மேல்!

உங்களுக்குத் தெரியாததில்லை. சர்க்கரை இறங்கிக் கிறுகிறுப்பு வந்தால், முதலில் அரை டம்ளர் பழச்சாறு கொடு என்கிறார்கள் டாக்டர்கள். அவ்வளவு வேகமாக ரத்தத்தில் ஏறும் என்பதால்தானே? உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே, குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில் பழச்சாற்றையும் சேர்த்துவிட்டது; சீனி போடாமல் பிழிந்தாலும் அதே கணக்குதான். அடர்சாற்றில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் ஜூஸ் பாக்கெட்டில் '100 சதவீதப் பழச்சாறு' என்று அச்சடிக்கக் கூடாது என்று 2024-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டதையும் நீங்கள் படிக்காமலா இருப்பீர்கள்?

நோய் வந்து எங்கள் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போனபோது கடிதம் போட்டேன். இடமில்லை. காட்டுமாடு வேலியை உடைத்ததற்கும் போட்டேன். அதற்கும் இடமில்லை. கொடைக்கானல் ஏரியில் ஒரு நடிகை படகு விட்டால் மட்டும் அரைப் பக்கம். பழத்தை விளைவிக்கிறவன் வத்தலக்குண்டு மண்டியில் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறான். அதையே பெரிய ஊர்க் கடையில் ஐஸும் சீனியும் போட்டு விற்றால் அது 'ஆரோக்கியம்', உங்களுக்குக் கட்டுரை. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள்கூட இப்போது ஜூஸ் பாக்கெட்டோடுதான் வருகிறார்கள். யார் பழக்கிவிட்டது?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 'நீரிழிவுக்காரர்கள் பழத்தை அளவாகக் கடித்துத் தின்னட்டும், சாறு வேண்டாம்' என்று அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமையே போடுங்கள்; மற்ற நாள் பேப்பரை அவர் புரட்டுவதில்லை.

இப்படிக்கு,
பழைய வாசகி,
பண்ணைக்காடு, பழநி மலை