செவ்வாய்ப்பேட்டை தட்டுவடைக் கடை அக்காவுக்கு

அப்பா நன்றாக இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் போன் போட்டு விசாரித்துக்கொண்டே இருக்கிறீர்கள். அன்று நண்பர்களோடு ஊரைச் சுற்றி நடந்தபோது அப்பா எங்களை விட்டு விலகிக் காணாமல் போய், திரும்பக் கிடைத்த கதை ஊர் வாட்ஸ்அப் குரூப்புகளில் எல்லாம் சுற்றிவிட்டது, அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய காயும் சட்னியும் வைத்தது) போடுகிற அக்காவுக்குத்தான் முதல் நன்றி. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "இதுல என்னங்க இருக்குது" என்றார். நிறைய இருக்கிறது அக்கா, சொல்கிறேன்.

அப்பா நாற்பது வருஷத்துக்கு மேல் சேலத்துச் சுவர்களில் எழுதியவர். சின்னப் பையனாக சினிமா பேனர் வரைகிறவர்களிடம் வண்ணம் கலக்கப் போய், அப்புறம் கடை போர்டு, சுவர் விளம்பரம், கல்யாண மண்டப வளைவு, ஆடி மாதம் குகைப் பகுதியில் நடக்கிற வண்டி வேடிக்கை ஊர்வலத்துக்குச் சாமி வேஷம் கட்டுகிறவர்களுக்கு முகத்தில் நீலமும் பச்சையும் பூசுவது என்று எல்லாம் செய்தவர். 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது, வேலை நின்றது. இப்போது ஞாபகம் விட்டு விட்டு வருகிறது. ஊரில் கண்ணில் படுகிற கலையையெல்லாம் நடந்தே பார்ப்போம் என்று நண்பர்கள் கோட்டைப் பகுதியிலிருந்து கிளம்பியபோது அப்பாவையும் கூட்டிப்போனதற்குக் காரணமே அவர் எழுத்து இன்னும் சில சுவர்களில் இருக்கிறது என்பதுதான். நாங்கள் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் வழி நெடுக கடை போர்டுகளைத்தான் படித்துக்கொண்டு வந்தார்.

சரி, அக்கா செய்ததற்கு வருகிறேன்.

தன் வண்டி பக்கத்தில் வந்து நின்ற பெரியவரிடம் அவர் பெயர் கேட்டிருக்கிறார். சொல்லத் தெரியவில்லை. வீடு எங்கே என்றும் கேட்டிருக்கிறார், அதற்கும் பதில் இல்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் நாலு பேரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருப்பார்கள், அப்பா மிரண்டு இன்னும் தூரமாகப் போயிருப்பார். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு "உக்காருங்கய்யா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அப்பாவின் கண் வண்டியில் தொங்கிய கறுப்புத் தகர போர்டிலேயே இருந்ததைக் கவனித்து, "எழுத்து அழிஞ்சு போச்சுங்கய்யா, நல்லா எழுதித் தர்றீங்களா?" என்று சாக்பீஸை நீட்டியிருக்கிறார். எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "கை சும்மா இல்லாம காத்துல எழுதிக்கிட்டே இருந்துச்சுங்க" என்றார்.

அப்பா உடனே எழுதவில்லையாம். நூல் கேட்டாராம். பொட்டலம் கட்டுகிற நூலை அக்கா அறுத்துக் கொடுக்க, அப்பா அதில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து, ஒரு முனையை அவரிடம் பிடிக்கக் கொடுத்து, விறைப்பாக இழுத்து நடுவில் சுண்டியிருக்கிறார். போர்டில் வெள்ளைக் கோடு விழுந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. வாடிக்கையாளர்கள் காத்து நிற்க, பீட்ரூட் துருவிய கையோடு அக்கா நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவசரப்படுத்தவே இல்லை. தட்டுவடை செட், முறுக்கு செட், நொறுக்கல். கை நடுங்குகிறவர் எழுதியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், 'று'வின் வால் அப்படி ஒரே இழுப்பில் வளைந்து நிற்கிறது. முடித்ததும் வலது கீழ் மூலையில், சுவர் ஓவியர்கள் எல்லோரும் போடுவார்களே, அப்படிப் பொடி எழுத்தில் தன் பெயரும் பக்கத்தில் 'ஆர்ட்ஸ்' என்றும் எழுதியிருக்கிறார்.

வாய் சொல்லாத பெயரைக் கை எழுதிவிட்டது. கை பழகிய வேலை ரொம்ப நாள் தங்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், அது எங்கள் வீட்டுக்கு இவ்வளவு பெரிய உதவியாக வரும் என்று நினைக்கவில்லை. அந்தப் பெயரைப் படித்த வெள்ளிப் பட்டறைக்காரர் ஒருவர், "எங்க பட்டறை போர்டும் இவர் எழுதினதுதான்" என்று சொல்லி வீட்டு நம்பரைத் தேடிப் பிடித்திருக்கிறார். அவருக்கும், பைக்கில் தெருத் தெருவாகத் தேடிய கொலுசுப் பட்டறைப் பையன்களுக்கும், ஆட்டோ அண்ணன்களுக்கும், ராத்திரி வரை கூடவே இருந்த காவலர்களுக்கும், கூட நடந்து வந்த நண்பர்களுக்கும், ஃபார்வர்ட் செய்த முகம் தெரியாத எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு முன்னால் இன்றும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், எடுக்க வேண்டியதுதான். டி. ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டூடியோவிலிருந்து நூறு படங்களுக்கு மேல் வந்தன. இன்று வளைவாவது மிஞ்சியிருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் படங்களுக்கு இந்த ஊரில் கையால் வரைந்து கட்டிய பேனர்களில் ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியாது. அடுத்த படம் வந்ததும் அதன் மேலேயே வெள்ளை அடித்து வரைந்துவிடுவார்கள் என்று அப்பா சொல்வார். கடை போர்டுகளும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. தெருவில் போகிற யாரும் காசு கொடுக்காமல் பார்த்த கலை அதுதான். அது அப்பாவை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது, இனி அதைச் சும்மா விட எனக்கு மனசு வராது.

அதனால் அக்கா, சாக்பீஸ் மழைக்கு நிற்காது, எனாமல் டப்பாவோடு அப்பாவைக் கூட்டி வருகிறேன், நூலைப் பிடிக்க நீங்கள்தான் வேண்டும். மற்றவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து குகை வரை கையால் எழுதிய போர்டுகளை எல்லாம் படம் எடுத்து, எழுதியவர் பெயரோடு சேர்த்து வைக்கப் போகிறேன். உங்கள் கடையிலோ பட்டறையிலோ பழைய போர்டு இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.