மாமா, பார்ட் பி-யை விடமுன் இதை வாசியுங்கள்

அன்புள்ள மாமா,

"கொழும்பில இருந்துகொண்டு அமெரிக்காவுக்கு ஏன் மாதாமாதம் காசு கட்டவேணும்?" என்று மெடிக்கேரின் பார்ட் பி-யைப் பற்றிக் கேட்டீர்கள். மெடிக்கேர் என்பது, முக்கியமாக 65 வயதானவர்களுக்கு, அமெரிக்க அரசு நடத்துகிற மருத்துவக் காப்புறுதி. வெள்ளவத்தையில் உங்களைப் போலத் திரும்பி வந்து இருக்கிறவர்கள் இன்னும் பலர் இதையேதான் கேட்கிறார்கள், அதனால் பதிலை எல்லோரும் பார்க்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வது சரி. ஒருசில விதிவிலக்குகளைத் தவிர, அமெரிக்காவுக்கு வெளியே மெடிக்கேர் ஒரு சதமும் தராது. களுபோவில ஆஸ்பத்திரியில் கிளினிக் கொப்பியைக் காட்டிப் பிரஷர் மருந்து காசில்லாமல் எடுக்கிறீர்கள், அவசரமென்றால் பிரைவேட்டில் சனல் பண்ணுகிறீர்கள். அங்கெல்லாம் அந்த அட்டைக்கு வேலையில்லை.

ஆஸ்பத்திரியில் படுக்கிற செலவைப் பார்க்கிற பார்ட் ஏ-யை யோசிக்காமல் எடுங்கள். பத்து வருஷத்துக்கு மேல் அங்கே வரி கட்டி உழைத்தவருக்கு அதற்கு மாதக் கட்டணமே கிடையாது. டொக்டர் செலவு மாதிரியானவற்றைப் பார்க்கிற பார்ட் பி-க்குத்தான் 2026இல் மாதம் 202.90 டொலர். பிந்திச் சேர்ந்தால், தவறவிட்ட ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் தண்டம், பி இருக்கும்வரை. எல்லாரும் இதைச் சொல்லித்தான் வெருட்டுகிறார்கள். ஆனால் கணக்குப் பாருங்கள்: ஐந்து வருஷம் கட்டாமல் விட்டால் இன்றைய விலைக்கு 12,000 டொலர் மிச்சம், தண்டம் மாதம் 101 டொலரளவில்தான், அந்த மிச்சம் கரையப் பத்து வருஷம் பிடிக்கும்.

எனக்குப் பயம் காத்திருப்பைப் பற்றித்தான். இப்போது விட்டால் பிறகு பொதுவாக ஜனவரி முதல் மார்ச் வரை மட்டுமே சேரலாம், சேர்ந்த அடுத்த மாதம்தான் அது தொடங்கும். ஏப்ரலில் ஒரு பெரிய வருத்தம் கண்டுபிடித்து மச்சாளிடம் நியூஜெர்சிக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள், அடுத்த பெப்ரவரி வரை பி இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் ஏ பார்க்கும், ஆனால் டொக்டர் ஃபீஸ், ஸ்கேன், வீட்டிலிருந்து போய் ஏற்றுகிற கீமோ எல்லாம் பி-க்குள்தான் வரும்.

என்ன நடந்தாலும் இங்கேதான் என்றால் விடுங்கள், நான் வற்புறுத்தமாட்டேன். ஆனால் மாமி போனபிறகு நீங்கள் தனியே இருப்பதைப் பார்க்கிறவன் நான், ஏலாமல் போனால் மச்சாள் உங்களை இங்கே விட்டுவைக்கமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அதனால் எடுங்கள் என்பேன். பிறகு வேண்டாமென்றால் எழுதிக்கொடுத்து நிறுத்தவும் முடியும்.

ஆகஸ்டில் உங்களுக்கு 65, அதனால் மே முதல் நவம்பர் வரை அவகாசம் இருக்கிறது. அதற்குள் மச்சாளோடு ஒருக்கால் மனம்விட்டுக் கதையுங்கள். முடிவெடுத்ததும் சொல்லுங்கள், வந்து விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்